முற்றத்து மிச்சச் சோறும் காட்டு விலங்குகளும்

கமக்காரரின் வீட்டுக்கு நாய் இன்றியமையாத காவலாளி. வயலில் இறங்கும் காட்டுப்பன்றியை முதலில் அறிந்து குரைப்பதும், களத்தில் குவித்த நெல்லுக்கு இரவு முழுவதும் காவலிருப்பதும் அதுவே. அத்தகைய நாய்க்கு இராச் சாப்பாட்டின் பின்னர் ஒரு பழஞ்சட்டியிற் சோறும் மீன்தலையும் இட்டுவிட்டு, வீட்டார் கதவைச் சாத்தி உறங்கச் செல்வது எங்கும் உள்ள வழக்கம். நாய் பாதியை உண்டு பாதியை விட்டுவிடும். விடியும்போது சட்டி வெறுமையாகக் கிடப்பதைக் கண்டு, எல்லாவற்றையும் நாயே உண்டது என வீட்டார் எண்ணுவர்.

இவ்வெண்ணம் சரியானதா என்பதைச் செலவின்றிச் சோதித்துப் பார்க்கலாம். மாலையிற் சட்டியைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவி வைத்து, மறுநாட் காலை சுவடுகளை நோக்குதல் வேண்டும். நாயின் அடியோடு எலியின் சிறிய அடிகளும் அதில் பதிந்திருக்கக் கூடும். காட்டை அண்டிய வளவுகளில் மரநாய், நரி, காட்டுப்பன்றி ஆகியவற்றின் சுவடுகளும் காணப்படலாம். நாய்க்கென வைத்த சோறு ஊரிலுள்ள பகைவர் அனைவருக்கும் விருந்தாவதை அச்சாம்பலே காட்டிவிடும்.

வயலுக்கு வரும் கேடு

இவ்விருந்தினருள் மிகக் கொடியது எலியே. அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடைப்பட்ட காலம் வயலெலிக்கும் அகழானுக்கும் பஞ்ச காலமாகும். வயலில் உணவின்மையால் அவை வரம்புகளையும் வேலிகளையும் விட்டு வளவுகளை நாடுகின்றன. அங்கும் உணவு கிடையாவிடின் அவற்றின் தொகை தானே குறையும். நாய்ச் சோறும், கோழித் தீனும், மாட்டுக்கு வைத்த தவிடும் புண்ணாக்கும் இரவில் திறந்து கிடப்பின் அவை பஞ்சத்தைக் கடந்து பிழைத்து விடுகின்றன. பெண்ணெலி ஏறக்குறைய மூன்று வாரம் கருத்தாங்கிப் பல குட்டிகளை ஈனும் இயல்புடையது. ஆகவே, முற்றத்திற் பிழைத்த சில எலிகள் கதிர் ஈனும் பருவத்தில் ஒரு கூட்டமாகி வயலுக்குத் திரும்புகின்றன. அகழான் கதிர்களை அறுத்து வளைக்குள் சேமித்தும் வைக்கும். நெற்பயிர் அழிந்தபின் எலிப்பொறி தேடுவதிலும், முற்றத்தில் எலிக்கு உணவளிக்காதிருத்தல் எளிது.

உடலுக்கு வரும் கேடு

எலி பெருகுமிடத்தில் அதனை உண்ணும் பாம்பும் வந்து சேரும். புடையன் எனப்படும் கண்ணாடி விரியன் எலியைத் தேடியே வயலோரங்களிலும் வளவுகளிலும் உலாவுகின்றது. எலியின் சிறுநீரால் மாசுற்ற நீரும் சேறும், காலிலுள்ள சிறு வெடிப்புகளின் வழியே எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமியை உடலுக்குட் செலுத்தும். 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000 இற்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்திலும் இக்காய்ச்சல் உயிர்களைக் கவர்ந்தது. சேற்றில் இறங்குவோர் முற்காப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்டறிதல் நலம்.

மற்றொரு கேடு விசர்நோய். இந்நோயைப் பெரும்பாலும் நாயே பரப்பினும், நரி, கீரி, மரநாய் ஆகியவற்றுக்கும் இது உண்டாகின்றது. ஒரே சட்டியை நாடி நாயும் காட்டு விலங்கும் எதிர்ப்படும்போது கடிபடுவது நாயே. பின்னர் அந்நாய் கடிப்பது வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம். நோய்க்குறி தோன்றியபின் இதற்கு மீட்பு இல்லை எனலாம். எனவே ஆண்டுதோறும் நாய்க்குத் தடுப்பூசி ஏற்றுவித்தல் வேண்டும். எவரேனும் கடிக்கோ கீறலுக்கோ உட்பட்டால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். காயம் சிறிதென்று எண்ணித் தாமதித்தலாகாது.

செய்ய வேண்டியன

நாயைப் பட்டினி போட்டால் நன்கு காவல் செய்யும் என்பது தவறான கொள்கை. பசித்த நாய் வளவை விட்டு இரை தேடி அலையும். அதற்கு வேண்டிய உணவை வேண்டிய நேரத்தில் அளித்தலே முறை.

முதலாவதாக, காலையிலும், பொழுது சாய முன்னர் மாலையிலும் என இரு வேளை உணவிடல் வேண்டும். நாய் கால் மணி நேரத்தில் உண்ணும் அளவே இடுக. உண்ணும்வரை ஒருவர் அருகில் நின்றால் காகமும் குரங்கும் அணுகா.

இரண்டாவதாக, நாய் உண்டு முடிந்ததும் சட்டியை எடுத்துக் கழுவி வீட்டினுள் வைத்தல் வேண்டும். மிச்சத்தைக் கோடிப்புறத்தில் வீசாது, ஓரடி ஆழமான குழியிலிட்டு மண்ணால் மூடுக. மீன் கழிவின் மணத்துக்கு உடும்பும் கபரக்கொய்யாவும் வெகு தொலைவிலிருந்து வருமாதலின், அதனைத் திறந்த எருக்குழியில் இடுதல் கூடாது.

மூன்றாவதாக, சோறிடும் இடத்தைக் கோழிக்கூட்டுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் அப்பால், அடுப்படி வாயிலுக்கு அண்மையில், கழுவக்கூடிய கல்லிலோ சீமெந்துத் தளத்திலோ அமைத்தல் வேண்டும். மண் தரையிற் சிந்திய பருக்கைகளைக் கூட்டியெடுப்பது அரிது.

நான்காவதாக, தவிடு, புண்ணாக்கு, கோழித் தீன் ஆகியவற்றை இறுக்கமான மூடியுள்ள தகரத்திலோ பீப்பாவிலோ சேமித்தல் வேண்டும். சாக்கை எலி ஓரிரவிற் கடித்துத் துளைத்துவிடும். கோழிகள் அடைந்ததும் தீன்பாத்திரத்தை எடுத்துவிடுக. கூட்டுக்கு அரை அங்குலக் கண்ணுடைய கம்பிவலை அடித்தால், கீரியும் மரநாயும் வளர்ந்த எலியும் உட்புகா.

ஐந்தாவதாக, வேலியடியிலுள்ள பற்றைகளையும், சிரட்டை, விறகு, ஓலைக் குவியல்களையும் அகற்றுக. உணவும் மறைவிடமும் ஒருங்கே இல்லாத வளவில் எலி நிலைத்திராது.

செய்யத் தகாதன

சினங்கொண்டு சோற்றில் நஞ்சிட்டு வைத்தல் பெருந்தவறு. அதனை முதலில் உண்பது பெரும்பாலும் சொந்த நாயோ அயலவரின் பூனையோதான். நஞ்சுண்ட எலியைத் தின்ற ஆந்தையும் மடியக் கூடும். எலியைப் பிடித்துக் கமக்காரருக்கு உதவும் உயிரை அவரே அழித்ததாக முடியும். இரையினுள் வெடி வைத்தலும் வேலியில் மின்கம்பி இழுத்தலும் சட்டத்துக்கு மாறானவை. இருளில் வயலுக்குச் செல்லும் மனிதரின் உயிரையும் அவை பறித்துள்ளன.

ஊர் கூடிச் செய்தல்

ஒரு வீட்டார் மட்டும் சட்டியை எடுத்துவைத்தால், எலி வேலியைக் கடந்து அடுத்த வளவுக்குச் செல்லும். ஆதலால் காலபோக விதைப்புக்கு ஒரு மாதம் முன்னரே கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் இதனைப் பேசித் தீர்மானித்து, ஊரார் அனைவரும் ஒரே காலத்தில் வளவைத் துப்புரவாக்கி, வரம்புகளிலுள்ள எலி வளைகளையும் வெட்டி அழித்தல் சிறந்தது. கட்டாக்காலி நாய்களுக்குச் சோறிடும் இரக்கமுள்ளோரும் பகலில் இட்டு, மிச்சத்தை அப்புறப்படுத்துவாராயின் அவ்விரக்கம் ஊருக்குத் தீங்காகாது.

இவற்றுள் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. மாலையிற் சில நிமிட வேலையே வேண்டும். ஒரு மாதம் இவ்வாறு செய்தபின் மீண்டும் சாம்பலைத் தூவிப் பார்க்கலாம். சுவடுகள் குறைந்திருப்பின், அடுத்த போகத்தின் நெல்லிற் பங்கு கேட்போரும் அந்த அளவுக்குக் குறைந்துள்ளனர் என்று கொள்ளலாம்.