வானில் திறக்கும் கதவு: தவறு தொடங்குவது தரையில்

புது தில்லி: பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் கதவு திறந்துகொண்டால் என்ன ஆகும்? சென்னை விமான நிலையத்தில் 2022 டிசம்பர் 10-ஆம் தேதி நிகழ்ந்த ஒரு சம்பவம் இந்தக் கேள்வியைத் தலைநகரின் அரசியல் விவாதமாக மாற்றியது. திருச்சிக்குப் புறப்படவிருந்த இண்டிகோ நிறுவன விமானத்தில் பயணி ஒருவர் அவசர வழிக் கதவைத் திறந்துவிட்டார். விமானம் தரையில் இருந்ததால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. உரிய சோதனைகளுக்குப் பிறகே அது புறப்பட அனுமதிக்கப்பட்டது.

ஒரு மாதம் கழித்து, 2023 ஜனவரியில்தான் இச்செய்தி பெரிதாக வெளிவந்தது. கதவைத் திறந்தவர் பாஜக மக்களவை உறுப்பினர் தேஜஸ்வி சூர்யா என்று எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின. அது தவறுதலாக நேர்ந்தது என்றும், அதற்காக அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்றும் அப்போதைய சிவில் விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா விளக்கமளித்தார். திறந்தவர் யார் என்பதைச் சுற்றியே விவாதம் நடந்தது. கதவின் பாதுகாப்புக்குப் பொறுப்பு யார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

காற்றே காவல்

பயணிகள் விமானம் 35 ஆயிரம் அடி உயரத்தில் பறக்கும்போது, அதன் உள்ளே சுமார் 8 ஆயிரம் அடி உயர மலையில் இருக்கும் அளவுக்குக் காற்றழுத்தம் பேணப்படுகிறது. வெளியே அழுத்தம் மிகக் குறைவு. இந்த வேறுபாடு கதவின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ அரைக் கிலோ எடையாக அழுத்துகிறது. கதவு முழுவதற்கும் கணக்கிட்டால் அது பல டன் ஆகும். பயணிகள் பயன்படுத்தும் கதவுகளில் பெரும்பாலானவை சற்றே உள்நோக்கி நகர்ந்த பிறகே வெளியே திறக்கும் வகையில் அமைந்தவை. எனவே அந்த உயரத்தில் எவ்வளவு பலசாலியாலும் அவற்றைத் திறக்க இயலாது.

தரையை நெருங்கும்போது இந்தக் காவல் விலகிவிடுகிறது. 2023 மே 26-ஆம் தேதி தென் கொரியாவின் டேகு நகரில் தரையிறங்கவிருந்த ஏசியானா நிறுவன விமானத்தில், சுமார் 700 அடி உயரத்தில் ஒரு பயணி கதவைத் திறந்துவிட்டார். பலருக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டது. கதவு திறந்த நிலையிலேயே விமானி விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கினார். அதில் இருந்த 194 பயணிகளும் உயிர் தப்பினர்.

கதவை விடு, விமானத்தைப் பார்

காற்றழுத்த அமைப்பு இல்லாத சிறிய பயிற்சி விமானங்களில், சரியாகத் தாழிடாத கதவு புறப்பட்ட உடனேயே திறந்துகொள்வது உண்டு. பேரிரைச்சல் எழும், காகிதங்கள் பறக்கும். ஆனால் எதிர்க்காற்றே கதவைத் தள்ளி வைத்திருப்பதால் பெரும்பாலும் அது சில அங்குலங்களுக்கு மேல் திறப்பதில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பயிற்சிக் கையேடு இதில் தெளிவாக இருக்கிறது: ஆபத்து கதவில் இல்லை, விமானியின் பதற்றத்தில் இருக்கிறது. இருக்கைப் பட்டையைக் கழற்றிவிட்டுக் கதவை எட்டிப் பிடிக்க முயலக் கூடாது. விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதே முதல் வேலை. வழக்கமான சோதனைகளில் ஒன்றையும் விடாமல் முடித்து, அவசரப்படாமல் தரையிறங்க வேண்டும்.

பெரிய விமானங்களில் நிலைமை வேறு. 35 ஆயிரம் அடியில் காற்றழுத்தம் சட்டென வெளியேறினால், தெளிவாகச் சிந்தித்துச் செயல்பட ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே கிடைக்கும். விமானிகள் முதலில் ஆக்சிஜன் முகமூடியை அணிந்து, பின்னர் விமானத்தை 10 ஆயிரம் அடிக்கு விரைந்து இறக்குவார்கள். பயணிகளும் முதலில் தாங்கள் முகமூடியை அணிந்துகொண்டு, பிறகே அருகிலுள்ள குழந்தைகளுக்கு உதவ வேண்டும். இருக்கைப் பட்டையை எப்போதும் அணிந்திருக்கும்படி சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல.

நான்கு போல்ட்டுகள்

அது ஏன் என்பதை 2024 ஜனவரி 5-ஆம் தேதி உலகம் கண்டது. அமெரிக்காவின் போர்ட்லேண்டிலிருந்து 177 பேருடன் புறப்பட்ட அலாஸ்கா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் போயிங் 737 மேக்ஸ் 9 விமானம் சுமார் 16 ஆயிரம் அடி உயரத்தை எட்டும் தறுவாயில், கதவுக்கான இடத்தை அடைத்திருந்த பலகை பிய்த்துக்கொண்டு போனது. அதையொட்டிய இரு இருக்கைகளும் காலியாக இருந்தன. விமானிகள் முகமூடி அணிந்து, விமானத்தைத் திருப்பி, பத்திரமாகத் தரையிறக்கினர். உயிர்ச்சேதம் இல்லை.

அந்தப் பலகையைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகளும் பொருத்தப்படாமலே விமானம் தொழிற்சாலையை விட்டு வெளியேறியிருந்தது. வேறொரு பழுதைச் சரிசெய்யப் பலகையைக் கழற்றியவர்கள், அதற்கான பதிவை எழுதி வைக்கவில்லை. பதிவு இல்லாததால் பிறகு எவரும் அதைச் சரிபார்க்கவும் இல்லை. போயிங் தன் ஊழியர்களுக்குப் போதிய பயிற்சியும் மேற்பார்வையும் அளிக்கவில்லை என்றும், அரசு நிர்வாகத்தின் கண்காணிப்பு பலன் தரவில்லை என்றும் அமெரிக்க தேசிய போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 ஜூனில் முடிவு செய்தது.

எச்சரிக்கையும் 346 உயிர்களும்

இது புதிய கதை அல்ல. 1972 ஜூன் 12-ஆம் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் டிசி-10 விமானத்தில் சரக்குக் கதவு நடுவானில் பிய்ந்தது. பயணிகள் பகுதியின் தளம் சரிந்து, கட்டுப்பாட்டுக் கம்பிகள் சிக்கிக்கொண்டன. விமானி பிரைஸ் மெக்கார்மிக், என்ஜின்களின் விசையைக் கூட்டிக் குறைத்தே விமானத்தைத் திருப்பும் முறையை முன்னரே பயிற்சிக் கருவியில் பழகியிருந்தார். அந்தப் பயிற்சி 67 பேரையும் காப்பாற்றியது.

ஆனால் கதவைத் திருத்தக் கட்டாய ஆணை பிறப்பிக்கப்படவில்லை. அரசு நிர்வாகத்தின் தலைவரும் நிறுவனத்தின் தலைவரும் வாய்மொழியாகப் பேசி முடித்துக்கொண்டனர். 1974 மார்ச் 3-ஆம் தேதி பாரிஸ் அருகே துருக்கி நாட்டின் டிசி-10 விமானத்தில் அதே கதவு பிய்ந்தது. இம்முறை 346 பேரும் மாண்டனர். அந்த விமானத்தின் கதவில் செய்யப்பட்டதாகத் தொழிற்சாலைப் பதிவேட்டில் இருந்த ஒரு திருத்தம், உண்மையில் செய்யப்படவே இல்லை.

பாதி இடங்கள் காலி

இந்தியாவுக்கு இதில் பாடம் உண்டு. அலாஸ்கா சம்பவத்துக்கு மறுநாளே, இந்திய நிறுவனங்கள் இயக்கும் 737-8 மேக்ஸ் விமானங்களின் அவசர வழிகளைச் சோதிக்குமாறு விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டிஜிசிஏ) உத்தரவிட்டது. 1934-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உத்தரவுக்கும் சட்டத்துக்கும் குறைவில்லை, ஆட்களுக்குத்தான் குறை.

பராமரிப்பு முடிந்த விமானத்தை இயக்கலாம் என்று உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்திடுகிறார். அக்கையெழுத்துக்குப் பின்னால் வேலை நடந்திருக்கிறதா என்று நேரில் சென்று பார்க்க வேண்டியவர்கள் இயக்குநரகத்தின் ஆய்வாளர்கள். போக்குவரத்து, சுற்றுலா, கலாசாரத் துறைகளுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2025 ஆகஸ்டில் அளித்த அறிக்கையின்படி, இயக்குநரகத்துக்கு அனுமதிக்கப்பட்ட 1,063 பணியிடங்களில் 553 மட்டுமே நிரப்பப்பட்டிருந்தன. இயக்குநரகத்துக்கு நிர்வாக, நிதித் தன்னாட்சி வழங்கவும் குழு பரிந்துரைத்தது.

அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்திலும் பாரிஸ் அருகிலும் பறிபோனது கதவு மட்டுமல்ல. பதிவேட்டின் மீதிருந்த நம்பிக்கையும்தான். அந்தப் பணியிடங்கள் எந்தத் தேதிக்குள் நிரப்பப்படும் என்று அமைச்சகத்திடம் கேட்டு, பதிலை அவைக் குறிப்பில் ஏற்ற வேண்டிய பொறுப்பு, கட்சி வேறுபாடின்றி எல்லா உறுப்பினர்களுக்கும் இருக்கிறது.