உங்கள் வீட்டு வைஃபை மட்டும் தெரியவில்லையா? பழைய மடிக்கணினியைத் தூக்கி எறியாதீர்கள்!

நாளை காலை ஒப்படைப்பு. பழைய மடிக்கணினியைத் திறக்கிறீர்கள்.

வைஃபை பட்டியலில் மேல்மாடிக்காரர் வைஃபை இருக்கிறது. எதிர்வீட்டு வைஃபையும் இருக்கிறது. உங்கள் வீட்டு வைஃபையை மட்டும் காணோம்! கைத்தொலைபேசியில் அதே வைஃபை நன்றாக வேலை செய்கிறது.

"மடிக்கணினி போச்சு, புதுசு வாங்கணும்" என்று முடிவு செய்யுமுன் கொஞ்சம் பொறுங்கள். அக்கம்பக்கத்து வைஃபை தெரிகிறது என்றால் மடிக்கணினியின் வைஃபை கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம். சிக்கல் சேனலில் இருக்கலாம்.

அதென்ன சேனல்?

வைஃபையும் வானொலி அலைதான். உங்கள் வானொலிப் பெட்டியில் 96 வரைதான் எண் இருக்கிறது என்றால் ஒலி 96.8 கேட்குமா? அதே கதைதான் இங்கும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சிங்கப்பூரில் 1 முதல் 13 வரை சேனல்களைப் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் பொதுவாக 11 வரைதான். அந்தச் சந்தைக்காகத் தயாரான சில மடிக்கணினிகளுக்கு 12, 13 ஆகியவை தெரியவே தெரியாது.

5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை பல பழைய மடிக்கணினிகளில் இல்லை. இருந்தாலும், ரேடார் கருவிகளும் பயன்படுத்தும் 52 முதல் 144 வரையிலான சேனல்கள் சிலவற்றில் கிடைக்காது.

நேற்று வேலை செய்ததே?

பெரும்பாலான ரௌட்டர்கள் 'ஆட்டோ' முறையில் இயங்குகின்றன. நெரிசல் குறைந்த சேனலை அவையே தேர்ந்தெடுக்கும். நேற்று 6, இன்று 13 என்று மாறியிருக்கலாம். உங்கள் மடிக்கணினி மட்டும் பின்தங்கிவிட்டது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: வைஃபை பெயர் தெரிகிறதா?

பெயரே தெரியவில்லை என்றால் சேனலைச் சந்தேகியுங்கள்.

பெயர் தெரிகிறது, சரியான மறைச்சொல் போட்டும் இணையவில்லை என்றால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 முறை பழைய மடிக்கணினிகளுக்குப் புரியாமல் போகலாம்.

என்ன செய்யலாம்?

1. அவசர வேலையா? கைத்தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி இணையுங்கள். ஐஃபோன் 12 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்பதைத் தட்டினால் போதும். முதலில் ஒப்படைப்பை முடித்துவிடுங்கள்!

2. பிறகு ரௌட்டரின் அமைப்புப் பக்கத்துக்குச் செல்லுங்கள். முகவரி பெரும்பாலும் ரௌட்டரின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். மாற்றம் செய்யும்போது எல்லாருக்கும் இணையம் சற்று நேரம் துண்டிக்கப்படும். வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

3. 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை 'ஆட்டோ'விலிருந்து 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதாது. வீடுகள் நெருக்கமாக உள்ள வீவக புளோக்குகளில் இது முக்கியம். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும்.

4. 5 கிகாஹெர்ட்ஸ் வேண்டுமா? 36 முதல் 48 வரையிலான சேனல்களில் ஒன்றை முயன்று பாருங்கள்.

5. இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரா? தனித்தனிப் பெயர் வையுங்கள். மடிக்கணினி எதில் இணைகிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

6. பாதுகாப்பு முறைதான் சிக்கல் என்றால், டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையைத் தேர்ந்தெடுங்கள். மறைச்சொல்லை மட்டும் நீக்கிவிடாதீர்கள். உங்கள் இணையத்தை யார் வேண்டுமானாலும் பயன்படுத்த அது வழிவிடும்.

அப்படியும் சரிவரவில்லையா?

மடிக்கணினித் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் வைஃபை டிரைவரின் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் உதவாவிட்டால், யுஎஸ்பி துளையில் செருகும் சிறிய வைஃபை கருவி ஒன்றை வாங்கலாம். புது மடிக்கணினியைவிட அதன் விலை மிகக் குறைவு.

சேனல் எண்ணை மாற்றச் சில நிமிடங்கள்தான் ஆகும். அதைச் செய்து பார்த்த பிறகு, புதுசு வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.