அம்பத்தூரிலிருந்து வந்த ஹெர்குலிஸ்

என் இளமையில் கோபிசெட்டிபாளையத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் சைக்கிள் உள்ள வீடுகள் சிலவே. 1962-ஆம் ஆண்டில் மஞ்சள் விற்ற பணத்தில் என் தந்தையார் ஒரு ஹெர்குலிஸ் வாங்கினார். அன்னையார் அதற்குப் பொட்டிட்டுச் சூடம் காட்டினார். அவ்வண்டியின் வரலாற்றைப் பின்னாளில்தான் நான் அறிந்தேன்.

ஹெர்குலிஸ், கிரேக்கப் புராணத்து வீரனின் பெயர். அப்பெயரில் 1910-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஒரு சைக்கிள் கம்பெனி தோன்றிற்று. 1946-இல் அதனை ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்னும் பெருநிறுவனம் வாங்கிற்று. அந்நாளில் நம் நாட்டில் ஓடிய வண்டிகளிற் பெரும்பாலன சீமையிலிருந்து கப்பலேறி வந்தவையே. விடுதலைக்குப் பின் இந்நிலை மாறலாயிற்று. முருகப்பா குடும்பத்தார் அவ்வாங்கில நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவை நிறுவினர். சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1951 முதல் ஹெர்குலிஸ் வண்டிகள் உருவாயின. குழாய் செய்வதற்கென 1955-இல் ஆவடியில் தனி ஆலை எழுந்தது. பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்னும் பெயர்களும் பின்னர் இந்நிறுவனத்தில் இடம்பெற்றன. பி.எஸ்.ஏ.யின் முத்திரையில் மூன்று துப்பாக்கிகள் காணப்படுவதை நேயர்கள் கண்டிருக்கலாம். பர்மிங்ஹாமில் அக்கம்பெனி முதலிற் செய்தது துப்பாக்கியே என்பதுதான் அதற்குக் காரணம்.

எங்கள் வண்டிக்கு 28 அங்குலச் சக்கரம். சக்கரம் பெரிதானால் மேடுபள்ளங்களில் அதிர்ச்சி குறையும். ஆகவே தடப்பள்ளி வாய்க்கால் கரையின் மண் தடத்துக்கு அது ஏற்றதாயிருந்தது. பிரேக்கை இயக்கியவை இரும்புத் தண்டுகள். அவை எளிதில் அறுந்து போவதில்லை. பின்னாலுள்ள கேரியரில் ஒரு நெல் மூட்டையே செல்லும்.

நடுவிலுள்ள பாரின் மேல் கால் எட்டாத நான், அதற்கடியிற் காலை நுழைத்துக் 'குரங்குப் பெடல்' போட்டுப் பழகினேன். பின்னர் நான்கு மைல் தொலைவிலிருந்த உயர்நிலைப் பள்ளிக்கு அதிலேயே சென்றேன். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரியான என் தமக்கையாரின் படிப்போ ஐந்தாம் வகுப்போடு நின்றது. "பொட்டப் புள்ளையச் சைக்கிள்ல அனுப்பறதா?" என்றார் அப்பத்தா. பார் இல்லாத பெண்கள் வண்டி அந்நாளிலும் உண்டு. எங்கள் ஊரில் அதனை வாங்குவாரில்லை.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாகப் பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றனர். 2001-இல் தமிழக அரசு ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்கு விலையில்லாச் சைக்கிள் அளிக்கத் தொடங்கிற்று. பின்னர் அத்திட்டம் ஏனைய மாணவர்க்கும் விரிந்தது.

சென்ற ஆண்டு என் தமக்கையாரின் பேத்தி அவ்வாறு பெற்ற வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தாள். பார் இல்லாத அவ்விடத்தைத் தமக்கையார் கையால் தடவிப் பார்த்தார். "இந்த ஒரு கம்பிதானா தம்பி என்னைத் தடுத்தது?" என்று கேட்டார்.

"கம்பி இல்லீங்கக்கா, நாமதான்" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாட் காலை பேத்தியின் வண்டிக்குக் காற்று அடித்துக் கொடுத்து, அவள் வாய்க்கால் பாலம் தாண்டும்வரை வாசலில் நின்றிருந்தார்.