மஞ்சள் துணியில் முடிந்த காசு

படுக்கையில் விழுந்த பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் மாத்திரை டப்பாவுக்கும் சர்க்கரைக் கணக்குக்கும் குறைவில்லை. "சாமிக்கு ஏதாவது பாக்கி இருக்காம்மா?" என்று கேட்கத்தான் ஆளில்லை.

தலையணைக்கு அடியில் மஞ்சள் துணியில் ஒற்றை ரூபாயை முடிந்து வைத்திருக்கும் பாட்டிகள் நம் ஊர்களில் ஏராளம். பேரன் காய்ச்சலில் கிடந்தபோது நேர்ந்துகொண்டது. சமயபுரத்துக்கோ பழனிக்கோ போய்ச் சேர வேண்டிய காசு. கால் முடங்கியதும் நேர்த்திக்கடன் அப்படியே நின்றுவிடுகிறது. ராத்திரியெல்லாம் புலம்புகிறார் என்று தூக்க மாத்திரை கேட்கப் போகிறோம். அதோடு, அந்த முடிச்சை மகன் கொண்டுபோய் உண்டியலில் போட்டு, திருநீற்றோடு வந்து "செலுத்தியாச்சும்மா" என்று சொல்லவும் வேண்டாமா?

இந்தத் தவிப்பும் ஒரு வலிதான். லண்டனில் 1967-இல், இறுதிக்கால நோயாளிகளைப் பேணும் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு மருத்துவரானவர். உடல், மனம், உறவு, ஆன்மா நான்கும் சேர்ந்ததே நோயாளியின் வலி என்றார். உலக சுகாதார நிறுவனமும் வலி தணிப்பு சிகிச்சைக்கான விளக்கத்தில் ஆன்மிகத் துயரைச் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்தச் சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. வருகிற செவிலியர் பிரஷர் பார்த்த கையோடு அந்தப் பாக்கியையும் விசாரிக்கலாம்.

இன்னொரு துயரம் வெளியே தெரிவதில்லை. சிறுநீர்ப் பை மாட்டியிருப்பவர், டயப்பர் கட்டியிருப்பவர் பலர், "இந்த உடம்போட சாமி கும்பிடக் கூடாது" என்று தாமே ஒதுங்கிவிடுகிறார்கள். வெந்நீரில் துணி நனைத்து உடம்பைத் துடைத்து, துவைத்த சேலை கட்டிவிட்டு, பிறகு விளக்கேற்றுங்கள். பூஜை அலமாரி தெரியும்படி கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். திருநின்றவூர் பூசலாரின் கதையைச் சொல்லுங்கள். காசில்லாத அவர் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். பல்லவ மன்னன் காஞ்சியில் எழுப்பிய கற்றளியின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, சிவன் அந்த மனக்கோயிலுக்குத்தான் போனார் என்கிறது பெரியபுராணம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் பக்தருக்கு இதைவிடப் பெரிய ஆறுதலை நான் அறியேன்.

கத்தோலிக்க வீடுகளில், நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடும் நோயில்பூசுதலுக்குச் சாமியாரை அழைக்கவே தயங்குகிறார்கள். அவர் வந்தால் முடிவு நெருங்கிவிட்டது என்ற பழைய பயம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அந்தப் பூசுதல் சாகும் தறுவாய்க்கு மட்டும் உரியதல்ல. மூப்பால் தளர்ந்தவர்களும் பெறலாம். நிற்க முடியாத முஸ்லிம் பெரியவர் உட்கார்ந்தோ படுத்தோ சைகையாலோ தொழலாம். தண்ணீர் ஆகாதவருக்கு, மண்ணைத் தொட்டுத் தூய்மை செய்துகொள்ளும் தயம்மும் உண்டு. விதி தெரிந்தவரும், நோன்பு விட்டுப்போனதற்குக் கண் கலங்குவார். பள்ளிவாசல் இமாம் ஒருமுறை வந்து பக்கத்தில் உட்கார்ந்து அந்த விதியை எடுத்துச் சொன்னால், அந்த மனம் ஆறும்.

பிள்ளைகளின் பக்தியைப் பெரியவர் மேல் ஏற்றுவது மட்டும் கூடவே கூடாது. வாழ்நாளெல்லாம் கறுப்புச் சட்டை போட்டவர் நினைவு தப்பிக் கிடக்கும்போது நெற்றியில் திருநீறு பூசுவது, அவருக்குச் செய்யும் துரோகம். அவருக்கு விடுதலை நாளேட்டை உரக்கப் படித்துக் காட்டுங்கள். கூட்டங்களுக்குக் கூடவே போன தோழர் எவராவது இருந்தால், வரச் சொல்லுங்கள்.