சில்லுக்கு வந்த கிராக்கி

சென்ற வருஷம் வெங்காயம் நல்ல விலைக்குப் போயிற்று என்று ஊரிலுள்ள குடியானவர் அனைவரும் இவ்வருஷம் வெங்காயமே பயிரிட்டால், அறுவடைக் காலத்தில் என்ன நேரும் என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கணினியிலும் கைப்பேசியிலும் அமைந்துள்ள 'டி-ராம்' என்னும் நினைவகச் சில்லின் கதையும் ஏறக்குறைய இதுவேயாகும்.

ஒரு நிறுவனத்தின் சில்லுக்குப் பதிலாக அதே தரமுள்ள மற்றொரு நிறுவனத்தின் சில்லைப் பொருத்தினாலும் கணினி முன்போலவே வேலை செய்யும். ஆதலால் வாங்குவோர் பெயரைப் பாராமல் விலையையே பார்க்கின்றனர். இச்சில்லுகளைச் செய்யும் பெரிய ஆலையொன்றை எழுப்ப ஆயிரம் கோடி டாலருக்கு மேலும் செலவாகக்கூடும்; அது உற்பத்தியைத் தொடங்க இரண்டு மூன்று வருஷங்கள் செல்லும். கிராக்கி மிகுந்த காலத்தில் எல்லா முதலாளிகளும் ஆலை எழுப்பத் தொடங்குகிறார்கள். அவ்வாலைகள் யாவும் ஏககாலத்தில் சரக்கைக் கொண்டுவந்து குவிக்கும்போது கிராக்கியோ தணிந்து போயிருக்கிறது! அப்பொழுதும் ஆலையை மூடி வைக்க மனம் வருவதில்லை. வட்டியும் யந்திரத் தேய்மானமும் ஓடிக்கொண்டிருப்பதால், நஷ்டத்துக்கேனும் விற்க முற்படுகிறார்கள். விலை மேலும் சரிகிறது.

இச்சுழலில் அகப்பட்டு மூழ்கியோர் பலர். 1970-ல் இச்சில்லைச் சந்தைக்குக் கொணர்ந்த அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம், ஜப்பானியரின் போட்டிக்கு ஆற்றாமல் 1985-ல் இத்தொழிலையே கைவிட்டது. பின்னர் ஜப்பானியருக்கும் சோதனை வந்தது. என்.இ.சி., ஹிட்டாச்சி ஆகிய இரு பெரிய ஸ்தாபனங்களும் 1999-ல் தங்கள் டி-ராம் தொழிலை ஒன்றுசேர்த்தன. அவ்வாறு பிறந்த நிறுவனம் 'எல்பிடா' என்று பெயர் பெற்றது. கிரேக்க மொழியில் நம்பிக்கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 2009-ல் ஜப்பானிய அரசாங்கம் கைகொடுத்தும் அந்நம்பிக்கை நிலைக்கவில்லை. விலை வீழ்ச்சியும் யென் நாணய மதிப்பின் உயர்வும் சேர்ந்து தாக்க, 2012 பிப்ரவரியில் ஏறத்தாழ 44,800 கோடி யென் கடனுடன் அது நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடிற்று. மறு வருஷமே அமெரிக்காவின் மைக்ரான் அதை வாங்கிவிட்டது.

இவ்வாறு வடிகட்டி எஞ்சியவை தென்கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான் ஆகிய மூன்றே. உலகின் டி-ராம் வியாபாரத்தில் மிகப் பெரும் பகுதி இவற்றின் கையில் இருக்கிறது. இவற்றுள் ஹைனிக்ஸ் 2023-ல் சுமார் 7.7 லட்சம் கோடி வோன் நஷ்டம் அடைந்தது. 2024-லோ 23 லட்சம் கோடி வோனுக்கு மேல் லாபம் ஈட்டியது. செயற்கை நுண்ணறிவு யந்திரங்களுக்கு வேண்டிய அதிவேகச் சில்லுகளுக்கு ஏற்பட்ட கிராக்கியே இதற்குப் பெருங்காரணம். அவ்வகைச் சில்லுக்குச் சாதாரணச் சில்லைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு ஆலைவசதி வேண்டும். எனவே வீட்டுக் கணினிக்குரிய சரக்கு குறைந்து, 2025 இறுதியில் அதன் விலை வெகுவாக ஏறிற்று. தனிப்பட்டோருக்குச் சில்லுகளை விற்றுவந்த 'குரூஷியல்' வியாபாரத்தினின்று விலகுவதாக அவ்வருஷம் டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது.

விலை ஏறினால் ஒருநாள் இறங்கும் என்பதை இத்தொழிலின் சரித்திரம் பன்முறை காட்டியிருக்கிறது. ஆயினும், விற்பவர் மூவராகச் சுருங்கிய அங்காடியில் மொத்தமாக வாங்கும் பெருந்தனக்காரர்களுக்கே முதல் உபசாரம். பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு கணினி வாங்க விரும்பும் குடும்பஸ்தர் வரிசையின் கடைசியில் காத்து நிற்க வேண்டியிருக்கிறது.