கைத்தையல் தோல் பணிக்காலணி

கைத்தையல் தோல் பணிக்காலணி என்பது மரம் வெட்டுவோர், காட்டுத்தீ அணைப்போர், மின்கம்பப் பணியாளர் போன்ற கடும் உழைப்பாளிகளுக்காகத் தடித்த தோலால் செய்யப்படும் உயரமான பூட்ஸ் ஆகும். இதன் முக்கியமான இணைப்புகள் கையால் தைக்கப்படுகின்றன. அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரமும் ஒரிகன் மாநிலமும் இவ்வகைக் காலணிகளுக்குப் பெயர் பெற்றவை. வைட்ஸ், நிக்ஸ், 1918-இல் தொடங்கப்பட்ட வெஸ்கோ ஆகியவை அப்பகுதியின் அறியப்பட்ட தயாரிப்பாளர்கள்.

இயந்திரத்தில் விரைவாகவும் மலிவாகவும் காலணி செய்ய முடிகிற காலத்திலும் இவற்றுக்கு வாங்குவோர் இருக்கின்றனர். இதற்கான காரணத்தைக் காலணியின் அமைப்பிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

வரலாற்றுப் பின்னணி

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பெரும்பாலான காலணிகள் கைவேலையாகவே இருந்தன. பின்னர் தையல் இயந்திரங்கள் வந்தன. ஆயினும் மேல்தோலை அச்சுக்கட்டையின் மீது இழுத்துப் பொருத்தும் வேலைக்கு மட்டும் தேர்ந்த கை தேவைப்பட்டது. சுரினாமில் பிறந்து அமெரிக்காவின் லின் நகரில் பணியாற்றிய ஜான் எர்ன்ஸ்ட் மாட்செலிகர், இந்த வேலையைச் செய்யும் இயந்திரத்துக்கு 1883-இல் காப்புரிமை பெற்றார். ஒரு தொழிலாளி நாளொன்றுக்குச் சுமார் 50 இணைகளை முடித்துவந்த இடத்தில், இயந்திரம் அதைப் போலப் பல மடங்கு செய்தது. காலணியின் விலை சரிந்தது. சாதாரண மக்களும் வாங்க முடிந்தது. கைத்தொழில் சுருங்கி, மிகக் கடினமான வேலைகளுக்கான காலணி போன்ற சில துறைகளில் மட்டும் நிலைத்தது.

செய்முறை

காலின் வடிவில் அமைந்த அச்சுக்கட்டையே தொடக்கம். வெட்டிய மேல்தோல் துண்டுகள் முதலில் தையல் இயந்திரத்தில் இணைக்கப்படுகின்றன. எனவே 'கைத்தையல்' என்றால் ஒவ்வொரு தையலும் கையால் போடப்பட்டது என்று பொருளல்ல. மேல்பகுதியையும் அடிப்பகுதியையும் பிணைக்கும் தையலையே அச்சொல் குறிக்கிறது.

அடுத்து, மேல்தோலைக் குறடால் இழுத்து அச்சுக்கட்டையின் மீது படியவைக்கிறார்கள். தடித்த உள்ளடித் தோலின் ஓரத்தில் கத்தியால் ஒரு வரம்பு செதுக்கப்படுகிறது. குத்தூசியால் துளையிட்டு, மெழுகிட்ட நூலால் உள்ளடி, மேல்தோல், 'வெல்ட்' எனப்படும் நீண்ட தோல்பட்டை ஆகிய மூன்றும் சேர்த்துத் தைக்கப்படுகின்றன. வெளியடி அந்தத் தோல்பட்டையோடு தனித் தையலால் இணைக்கப்படுகிறது. மற்றொரு முறையில் மேல்தோலின் விளிம்பு உள்நோக்கி மடிக்கப்படாமல் வெளிப்புறமாக விரிக்கப்பட்டு, நடுவடியின் மீது வைத்துத் தைக்கப்படும். இதனால் ஓரத்தில் நீர் புகும் வாய்ப்புக் குறைகிறது.

இத்தையல்களின் பயன் பழுதுபார்க்கும்போது தெரியும். வெளியடி தேய்ந்துவிட்டால் வெளித்தையலை மட்டும் பிரித்துப் புதிய அடியைத் தைக்கலாம், மேல்தோலுக்குச் சேதமில்லை. பசையால் ஒட்டிய காலணிகளில் இது எளிதன்று. மேலும் சில பாலியூரித்தேன் அடிகள் காற்றின் ஈரத்தால் சிதைந்து, பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடுகின்றன.

வேலைக்கேற்ற அமைப்பு

உயர்ந்த குதி சரிவான நிலத்தில் ஊன்றி நிற்க உதவுகிறது. குதிக்கும் முன்பாதத்துக்கும் இடையே வைக்கப்படும் உறுதியான தோல் அல்லது எஃகுப் பட்டை, ஏணியிலும் கம்பத்திலும் நிற்கும்போது உள்ளங்கால் வளைவைத் தாங்குகிறது. உருளும் மரத்தடிகளின் மீது நடப்போருக்கு அடியில் கூர்முனைகள் பொருத்தப்படுகின்றன.

அமெரிக்கக் காட்டுத்தீப் பணியாளர்கள் குறைந்தது 8 அங்குல உயரமுள்ள, கயிறு கட்டும் தோல் காலணியையே அணிய வேண்டும். அதன் அடி வழுக்காததாகவும் வெப்பத்தில் உருகாததாகவும் இருக்க வேண்டும். செயற்கை இழைகள் நெருப்பருகே உருகித் தோலில் ஒட்டக்கூடியவை. தடித்த தோல் அப்படி உருகுவதில்லை. இப்பணியாளர்களுக்குக் காலணியின் தரம் பாதுகாப்புக்குரிய விஷயம்.

விலையும் ஆயுளும்

கைத்தையல் காலணியின் விலை சாதாரணப் பணிக்காலணியைவிடப் பல மடங்கு அதிகம். அடியை மீண்டும் மீண்டும் மாற்ற முடிவதால் நீண்ட காலத்தில் அது சிக்கனமாகலாம். ஆனால் முதலில் கொடுக்கப் பணம் இருப்பவருக்கே அந்தச் சிக்கனம் கிடைக்கும். ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட் 1993-இல் வெளியான 'மென் அட் ஆர்ம்ஸ்' நாவலில் இதையே பூட்ஸ் உதாரணத்தால் விளக்குகிறார். 50 டாலர் காலணி பல ஆண்டு உழைக்கும். 10 டாலர் காலணி ஓரிரு பருவத்தில் கிழியும். ஏழை மீண்டும் மீண்டும் மலிவானதை வாங்கி, மொத்தத்தில் அதிகம் செலவழித்தும், ஈரமான காலோடுதான் நடக்கிறான். ஏழ்மையே கூடுதல் செலவைக் கொண்டுவருகிறது என்பதை விளக்கப் பலரும் இதை எடுத்துக்காட்டுகின்றனர்.

குறைகள்

இக்காலணிகள் கனமானவை. புதிதில் தோல் விறைப்பாக இருப்பதால் சில வாரங்கள் கால் வலிக்கலாம், கொப்புளமும் வரலாம். பிறகு உள்ளடித் தோல் அணிபவரின் பாத வடிவத்துக்கு அமுங்கிப் படிகிறது. சேற்றைத் துடைத்து, நிழலில் உலர்த்தி, அவ்வப்போது எண்ணெய் அல்லது மெழுகு பூச வேண்டும். நெருப்பருகே உலர்த்தினால் தோல் சுருங்கி வெடிக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

வெளியே தெரியும் தையல் மட்டும் போதிய சான்றன்று. ஒட்டிய அடியின் ஓரத்திலும் அழகுக்காகப் போலித் தையல் இடப்படுவதுண்டு. அடியை மாற்றித் தர முடியுமா என்று தயாரிப்பாளரிடம் கேட்பதே எளிய சோதனை. மேற்பரப்பு சீவப்படாத முழுத்தோலா என்பதையும் கேட்டறியலாம்.

தமிழ்நாட்டுத் தொடர்பு

சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட தோல், 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் பிரிட்டனுக்கு ஏற்றுமதியானது. முதல் உலகப் போரில் படைவீரர்களின் பூட்ஸ் மேல்பகுதிக்கு அது பயன்பட்டது. சென்னையின் குரோம்பேட்டை, அங்கிருந்த குரோம் தோல் நிறுவனத்தால் அப்பெயர் பெற்றது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் இன்றும் தோல், காலணித் தொழிலின் மையங்களாக உள்ளன.