பூட்டனார் எந்த ஊர்? தோட்டத்து உழவர் ஒருவரின் தடம் தேடுதல்

பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லும் வழக்கம் நம் ஆசிரியர்களுக்குப் புதியதன்று. தாய் தந்தையர் பெயரை மாணவர் தயங்காது எழுதுவர். பாட்டன் பாட்டியர் பெயரை வீட்டில் கேட்டு எழுதுவர். அதற்கும் மேலே பூட்டனாருக்குரிய கட்டத்தில், நெகிரி செம்பிலான் தோட்டக் குடும்பப் பிள்ளைகள் பலர் "இந்தியாவிலிருந்து வந்தவர்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுவர். சில வீடுகளில் இன்னொரு தொடரும் கிடைக்கும்: "சயாமுக்குப் போனவர்." இவ்விரண்டு தொடர்களுக்கும் இடையே ஒரு மனிதரின் வாழ்வு முழுவதும் கிடக்கிறது. அதனைத் தேடும் வழிகளை இவ்வுரையில் காண்போம்.

கப்பலேறிய நாளில் அவர் பால்மரம் வெட்டத் தெரிந்தவர் அல்லர், உழவர். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களில் ஏர் பிடித்தவர், நாற்று நட்டவர், ஆடு மேய்த்தவர். அவர்களுள் பலருக்குச் சொந்த நிலம் இல்லை. ஆதலால் சிட்டா, அடங்கல், பட்டா ஆகியவை நிலமுடைய வீட்டார்க்கே பெரிதும் உதவும். பண்ணையாளின் பெயரை அவற்றில் தேடிப் பயனில்லை. இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நன்று. இல்லையேல் வட்டாட்சியர் அலுவலக வாயிலில் வீணே காத்திருக்க நேரும். பழைய மாவட்டங்கள் பிரிந்து போனதையும் நினைவிற்கொள்ள வேண்டும். தாத்தா "சேலம் ஜில்லா" என்று சொல்லியிருந்தால் அவ்வூர் இன்று நாமக்கல்லிலோ தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இருக்கலாம்.

ஊரின் பெயரே மறந்து போயிருந்தால் என் செய்வது? இங்கே மொழியே நமக்கு ஆவணமாகிறது. வீட்டில் தந்தையின் தாயை எப்படி அழைத்தார்கள் என்று கேளுங்கள். "அப்பத்தா" என்றால் மதுரை, இராமநாதபுரம் பக்கம் முதலில் தேடலாம். "அப்பாயி" திருச்சி, தஞ்சைப் பக்கத்தில் மிகுதி. தாத்தாவை "அப்பாரு" என்றும் "அப்புச்சி" என்றும் அழைக்கும் வீடு கொங்குப் பகுதியைச் சுட்டும். பாட்டியை "ஆயா" என்பது வட மாவட்டங்களில் பரவலான வழக்கு. இவை முடிந்த சான்றுகள் அல்ல. தோட்டத்தில் பல ஊரார் கலந்து வாழ்ந்ததால் ஒருவர் சொல் மற்றவர் வீட்டுக்குள் நுழைந்ததும் உண்டு. எனவே குலதெய்வத்தையும் கூடவே கேட்டறிதல் வேண்டும். அண்ணமாரைக் கும்பிடும் குடும்பத்தைக் கொங்கு நாட்டிலும், பச்சையம்மனையும் மன்னாதசாமியையும் கும்பிடும் குடும்பத்தை வட தமிழகத்திலும் தேடத் தொடங்கலாம். ஊரை மறந்தவர்களும் சாமியை மறப்பதில்லை என்பது நாம் பன்முறை கண்டது.

மற்றொரு வழி பக்கத்து வீடு. கங்காணி தன் சொந்த ஊருக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் போய் உறவினரையும் ஊராரையும் திரட்டி வந்தார். ஆதலால் ஒரே கங்காணியின்கீழ் வந்து ஒரே லயத்தில் குடியிருந்தோர் பெரும்பாலும் அண்டை ஊரார். உங்கள் பூட்டனாரின் ஊர் தெரியாவிடினும், அடுத்த கதவுக்காரரின் பேரருக்கு அது தெரிந்திருக்கக்கூடும்.

பயணத்தின் காலத்தை வரையறுப்பது அவ்வளவு கடினமன்று. சென்னையை அடுத்த ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன. அங்கிருந்து கப்பல்கள் பினாங்குக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் வந்தன. 1938 ஆம் ஆண்டில் இந்திய அரசு தொழிலாளரை உதவிப் பயணமாக மலாயாவுக்கு அனுப்புவதைத் தடைசெய்தது. ஆகவே கங்காணி வழி வந்தவர் அதற்கு முன்னரே வந்திருத்தல் வேண்டும். எந்தக் கப்பல் என்று கேட்டால் எல்லா வீட்டிலும் "ரஜுலா" என்பர். அக்கப்பல் கட்டப்பட்டதோ 1926 இல். அதற்கு முன் வந்தவர் அதில் ஏறியிருக்க வழியில்லை. குடும்ப நினைவைப் போற்றலாம். ஆயினும் சோதித்துப் பார்க்காமல் எழுதலாகாது. மேலும், ரப்பர் விலை வீழ்ந்த 1930 முதல் 1932 வரையிலான ஆண்டுகளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுள் சிலர் மீண்டும் வந்தனர். ஒருவருக்கு இரண்டு வருகைக் கதைகள் இருந்தால் இரண்டுமே மெய்யாக இருக்கலாம்.

தோட்டத்தில் அவர் பெயர் செக்ரோலில் ஏறியது. கிராணி காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார். ழகரம், ளகரம், லகரம் மூன்றும் அவ்வெழுத்தில் ஒன்றாயின. றகரமும் ரகரமும் ஒன்றாயின. உடன்பிறந்த இருவரின் தந்தை பெயர் இருவகையாக எழுதப்பட்டுப் பிள்ளைகள் இரு குடும்பத்தார்போல் ஆனதும் உண்டு. பழைய பதிவுகளில் தேடுவோர் பெயரைத் தமிழில் உரக்கச் சொல்லி, அதனை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் எனப் பட்டியலிட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

இனிப் போர்க்காலம். 1942 சனவரியில் கெமெஞ்சே பாலத்தருகே ஆஸ்திரேலியப் படை பதுங்கியிருந்து சப்பானியரைத் தாக்கியது. ஆயினும் அம்மாதத்திலேயே மாநிலம் முழுவதும் சப்பானியர் கைக்கு வந்தது. துரைமார் போய்விட்டனர். ரப்பருக்கு வாங்குவோர் இல்லை, அரிசி அரிதாயிற்று. மரங்களுக்கிடையே மரவள்ளியும் கீரையும் பயிரிட்டு உயிர் வளர்த்தனர். ஊரில் கற்ற உழவு மீண்டும் கைகொடுத்த காலம் அது.

பின்னர்ச் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளமான இருப்புப்பாதைக்கு ஆள் திரட்டினர். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்றனர். தோட்டத்துக்கு இத்தனை பேர் எனக் கணக்குக் கேட்டனர். சரக்கு வண்டிகளில் அடைக்கப்பட்டுச் சயாமின் பான்போங்கில் இறங்கியோர் அங்கிருந்து காட்டுக்குள் நடந்தனர். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம் முகாமாக அழித்தது. மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர். அப்பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் 90,000 பேர் அளவில் இருக்கலாம் என மதிப்பிடுவர்.

மதிப்பிடுவர் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் பட்டியல் இல்லை. காஞ்சனபுரியிலுள்ள போர்க்கல்லறையில் ஏறக்குறைய 7,000 கைதி வீரர்கள் அடக்கமாகியுள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் உண்டு. முகாம்களில் அவர்களுடைய அதிகாரிகள் இறந்தோர் பெயரை மறைவாகக் குறித்து வைத்தனர். நம்மவர்க்கு அப்படிக் குறித்து வைக்க ஓர் அதிகாரியும் இல்லை. ஆர். சண்முகத்தின் "சயாம் மரண ரயில்" நாவல் அக்காலத்தைக் கண்முன் நிறுத்தும். ஆயினும் உங்கள் பூட்டனாரின் பெயர் அதிலும் இராது.

ஆகவே இல்லாமையிலிருந்தே எழுத வேண்டியுள்ளது. அவருடைய பிள்ளைகளின் பிறந்த ஆண்டுகளை வரிசைப்படுத்துங்கள். 1942 வரை ஈராண்டுக்கு ஒரு பிள்ளை, பின்னர் 1947 இல் ஒரு பிள்ளை என்றால் அவர் போய்த் திரும்பியிருக்கலாம். அதன்பின் பிள்ளையே இல்லையென்றாலோ, பூட்டியாரின் அடுத்த பிள்ளைக்கு வேறு தகப்பனார் பெயர் இருந்தாலோ, அவர் திரும்பாதிருக்கலாம். இதை வீட்டு முதியவரிடம் கேட்கும்போது மாணவர் மெதுவாகக் கேட்க வேண்டும். மறுமணத்தைப் பற்றிப் பேச விரும்பாத குடும்பங்கள் உண்டு. அவ்விருப்பத்தை மதிப்பதும் ஆய்வின் பகுதியே. 1948 இல் அவசரகாலம் தொடங்கியதும் அடையாள அட்டை வழங்கப்பட்டது. தோட்டத்திலேயே இருந்த ஒருவருக்கு அவ்வட்டை இருந்ததாக எவருக்கும் நினைவில்லையெனில், அதற்கு முன்பே அவர் மறைந்திருக்கக்கூடும். தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தை பெயருக்குப் பதிலாகப் பாதுகாவலர் பெயர் இருப்பதும் ஒரு குறிப்பு. போருக்குப் பின் பிறந்தோரின் சான்றிதழ்களைத் தேசியப் பதிவிலாகாவில் கேட்டுப் பெறலாம்.

அடுத்த தலைமுறை மேற்கே நகர்ந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெருந்தோட்டங்கள் பல துண்டு துண்டாக விற்கப்பட்டபோது வேலையும் வீடும் ஒருசேரப் போயின. பகாவ், கோலப்பிலாப் பக்கத்தினர் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் அப்பால் கிள்ளானுக்கும் சென்றனர். பின்னர்ச் செம்பனை வந்தது, அதன்பின் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்கள் இடிந்தன, சுடுகாடுகள் சில இடம் தெரியாமற் போயின. தோட்டமே இல்லாத இடங்களிலும் தமிழ்ப்பள்ளிப் பலகையில் மட்டும் "லாடாங்" என்ற சொல்லும் தோட்டத்தின் பெயரும் நிற்கின்றன. அப்பள்ளிகளின் பழைய பதிவேடுகளைக் கறையான் தின்னுமுன் படம் எடுத்து வைக்குமாறு தலைமையாசிரியர்களை வேண்டுகிறோம்.

தேடியும் ஒன்றும் கிட்டாத வீடுகள் இருக்கவே செய்யும். அம்மாணவர்கள் பூட்டனார் இறந்த இடத்துக்கான கட்டத்தை வெறுமையாக விடவேண்டா. வீட்டில் சொன்னதைச் சொன்னபடியே எழுதுக: "சயாமுக்குப் போனார், திரும்பவில்லை." அதன்கீழ் அதைச் சொன்னவர் பெயரையும் நாளையும் குறித்திடுக.